ஓலைத்தொடுவாயில் பேசிய ஜேர்மன்

ஜேர்மன் மொழியில் பெண்பிள்ளை அஃறிணை என்பதை நான் முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். அம்மா குசினியில் கறிக்கு நண்டு உடைத்துக்கொண்டிருந்தார்.

"கரண்டி ஆம்பிளையாம். முள்ளுக்கரண்டி பொம்பிளையாம். கத்தி ரெண்டுமில்லை. பெட்டையும் ரெண்டுமில்லையாம்."

"அப்ப கத்தியும் பெட்டையும் ஒரு இனமோ?" என்று அம்மா கையை நிறுத்தாமல் கேட்டார். "சரியாத்தான் வைச்சிருக்கினம்."

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்தில் கடற்றொழில் சம்பந்தமான படிப்பை முடித்துவிட்டு, மன்னார்த்தீவில் எங்கள் ஊரான ஓலைத்தொடுவாய்க்கு வந்திருந்தேன். கரையோரக் கடலைப் பற்றி மேலே படிக்க விரும்பினேன். நான் தேடிப் பிடித்த பாடநெறி ஜேர்மனியின் வடக்கில் ஒரு துறைமுக நகரத்தில் இருந்தது. எல்லாம் எனக்குப் பொருந்தியது, ஒன்றைத் தவிர. பாடம் முழுவதும் ஜேர்மன் மொழியில்தான் நடக்கும். என்னோடு படித்தவர்கள் ஆங்கிலத்தில் படிக்கக்கூடிய நாடுகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அந்தப் பாடநெறியின் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் முதலாம் பருவத்துப் பாடங்களின் பட்டியலில் கடற்புல் என்று ஒரு பாடம் தனியாக இருந்தது. எங்கள் கரையில் காலில் சுற்றும் சாதாழைக்கு ஒரு நாட்டில் தனிப்பாடம் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

கொழும்பிலிருந்து ஒரு ஆசிரியை வாரத்தில் மூன்று பின்னேரம் போனில் வகுப்பு நடத்தினார். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிலைக்காது. மாதா கோயில் வளவின் கடற்கரைப் பக்கத்து மதிலோடு ஒரு கதிரையைப் போட்டு இருந்தால் படம் நிற்காமல் வரும். அங்கேயிருந்துதான் நான் ஜேர்மன் படித்தேன். ஒருநாள் நான் என் குடும்பத்தை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கும்போது மதிலுக்கு வெளியே ஒரு கழுதை கத்தத் தொடங்கிவிட்டது. மன்னார்க் கழுதை கத்தத் தொடங்கினால் இலகுவில் நிறுத்தாது. வகுப்பிலிருந்த பதினொரு பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அது ஓய்ந்ததும் ஆசிரியை கேட்டார்: "இது உங்கட குடும்பத்தில ஆர்?" கேள்வி ஜேர்மனில் இருந்ததால் நானும் ஜேர்மனில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கழுதைக்கு என்ன பால் என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்பால் என்று அன்று படித்தது இன்றுவரை மறக்கவில்லை.

மொழி எனக்கு வேகமாக வந்தது. அதற்குக் காரணம் என் கெட்டித்தனம் அல்ல, தமிழ்தான். வகுப்பில் மற்றவர்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நினைத்து ஜேர்மனுக்கு மாற்றினார்கள். ஜேர்மன் வேற்றுமை நான்கு என்றதும் அவர்கள் தலையில் கை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமையையும் ஒப்பித்தவளுக்கு நான்கு என்ன பெரிய காரியம்? பிறகு, 'ஏனென்றால்' என்று தொடங்கினால் வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் போட வேண்டும் என்று ஒரு விதி வந்தது. அந்த வகுப்பு முடியும்வரை ஒவ்வொருவராகத் தடுக்கி விழுந்தார்கள். எனக்கு அது விதியாகவே தெரியவில்லை. வினைச்சொல் கடைசியில் வராமல் வேறெங்கே வரும்?

கொழும்பில் பரீட்சை எழுதினேன். எழுத்தில் நல்ல புள்ளி. பேச்சில் மட்டுமட்டாகத் தப்பினேன். அந்த வித்தியாசத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்தியடைந்த கடிதம் வந்தது, பல்கலைக்கழக அனுமதி வந்தது, பிறகு விசா வந்தது. ஐப்பசியில் அம்மா மரவள்ளிக் கிழங்குப் பொரியலும் கருவாட்டுப் பொடியும் கட்டித் தர, அப்பா விமான நிலையம்வரை வந்து, உள்ளே போகும் கண்ணாடிக் கதவில் நின்று, "போய்ச் சேர்ந்த உடன கதை" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அந்த நகரத்தில் எனக்கு முதலில் பிடித்தது ஒரு பழைய கட்டடம். துறைமுகத்தின் பக்கத்தில் செங்கல்லால் கட்டிய உயரமான வியாபாரக் கட்டடம். அதன் நெற்றியில் அலுவலகம் என்ற பொருளில் 'கொன்ரோர்' என்று எழுதியிருந்தது. நான் பேருந்திலிருந்து எட்டிப் பார்த்து, இரண்டாம் தரமும் வாசித்தேன். அது எங்கள் கந்தோரின் சொந்தக்காரச் சொல்தான். தபால் கந்தோர், கச்சேரிக் கந்தோர் என்று ஊரில் நாளாந்தம் சொல்கிற சொல், எப்போதோ ஒல்லாந்தரின் கப்பலில் ஏறி வந்த சொல், அதன் பக்கத்து வீட்டுக்காரனை இங்கே பெரிய எழுத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அன்று முழுவதும் எனக்கு ஆட்களைத் தெரிந்த ஊருக்கு வந்ததுபோல இருந்தது.

அந்தத் துணிவு வகுப்புக்குள் போனதும் கரைந்துவிட்டது. கொழும்பு ஆசிரியை ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுவார். இங்கே விரிவுரையாளர்கள் சொற்களை விழுங்கினார்கள். மாணவர்கள் பாதிச் சொல்லில் சிரித்துவிட்டு மீதியைச் சொல்லாமலே விட்டார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன், பேசவே இல்லை. ஆய்வுகூடத்தில் என் பக்கத்து மேசையில் நிற்கும் உயரமான பெண் ஒருத்தி நல்லவள். அவள் என்னைப் பற்றி வேறொருவனிடம், "அவ அமைதியான பிள்ளை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் யாராவது அதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

மார்கழியில் என் முதலாவது கருத்தரங்க உரை. பத்து நிமிடம். எழுதி வைத்த தாளைப் பிழையில்லாமல் வாசித்து முடித்தேன். கைதட்டினார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் கேள்வி கேட்டான். வேகமாகக் கேட்டான். எனக்குப் பிடிபடவில்லை. விளங்கியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "ஓம்" என்றேன்.

பின்வரிசையில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் கேட்டது, மாதிரிகளைக் கோடையில் எடுத்ததா குளிர்காலத்தில் எடுத்ததா என்று.

பிற்பகல் எங்கள் பேராசிரியை என்னைத் தன் அறைக்கு அழைத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், தலைமயிரை ஆண்பிள்ளைபோல் வெட்டியிருப்பார், எப்போதும் மழைக்குப் போடும் மஞ்சள் மேற்சட்டையோடு திரிவார். என்னைத் தேற்றுவார் என்று நினைத்துப் போனேன். அவர் தேற்றவில்லை.

"உங்களுக்கு விளங்கவில்லை என்பது பிழையில்லை. விளங்கியதுபோல் காட்டியது பிழை. கடலில் ஆழம் அளக்கிறவர் தெரியாத இலக்கத்தை எழுதுவாரா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்படியென்றால் 'வீ பிற்றே' என்று கேளுங்கள்."

வீ பிற்றே என்றால், என்ன சொன்னீர்கள் என்று மரியாதையாகக் கேட்பது. முதல் மாதத்தில் படித்த சொல். அதை நான் ஜேர்மனிக்கு வந்து இரண்டு மாதத்தில் ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து சொன்னேன். பேருந்தில் சொன்னேன், பாண் கடையில் சொன்னேன், ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் ஒரு மணித்தியாலத்தில் இருபது தரம் சொன்னேன். அவள் முதலில் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு, "நீ இப்பிடிக் கேக்கிறதால நானே என்ன சொல்ல வந்தனான் எண்டு யோசிக்க வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொண்டாள். அலுத்துக்கொள்கிற அளவுக்கு நாங்கள் சிநேகிதிகளாகியிருந்தோம். சித்திரை வரும்போது நான் குறுக்கே பேசினேன். வைகாசியில் ஒரு விவாதத்தில் என்னை நிறுத்தச் சொல்லி மணி அடித்தார்கள்.

ஆனி மாதத்தில் அடுத்த வருடத்துக் களப்பயணம் எங்கே என்று தீர்மானிக்கும் நாள் வந்தது. எங்கள் துறையில் அதை மாணவர்களின் வாக்குக்கு விடுவார்கள். விரும்பியவர்கள் ஒரு கரையைத் தெரிவுசெய்து கால் மணித்தியாலம் பேச வேண்டும். ஒருவன் நோர்வேக்காகப் பேசினான். இருவர் சேர்ந்து குரோஷியாவின் ஒரு தீவைப் பற்றி அழகான படங்களோடு பேசினார்கள். மூன்றாவதாக நான் எழும்பினேன். கையில் தாள் இல்லை.

மன்னார்த்தீவின் படத்தைச் சுவரில் போட்டேன். "இது ஒரு தீவு. ஆனால் இதற்கு இரண்டு கடல்" என்று தொடங்கினேன். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடக்குக் கடல் கொந்தளிக்க, தெற்குக் கடல் குளம்போல் கிடப்பதைச் சொன்னேன். தெற்கிலிருந்து அடிக்கும் சோளகம் தொடங்கினால் அது அப்படியே மாறிவிடும். ஒரே தீவின் ஒரே மீனவர் காற்றைப் பார்த்துக் கடலை மாற்றிக்கொள்வதைச் சொன்னேன். இரண்டு பக்கமும் கடற்புல்வெளி. ஒரு சில கிலோமீற்றர் நடந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். நோர்வேயில் இதைச் செய்ய உங்களுக்கு இரண்டு நாடு வேண்டும் என்றபோது நோர்வேக்காகப் பேசியவனே சிரித்துவிட்டான்.

முடிந்ததும் துறையின் மூத்த விரிவுரையாளர் ஒருவர் கேள்வி கேட்டார். ஜேர்மன்காரர்கள்கூடப் பயப்படுகிற நீளமான கேள்வி. வாக்கியத்துக்குள் வாக்கியம், அதற்குள் இன்னொரு வாக்கியம். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கடைசிச் சொல் வரும்வரை அசையாமல் நின்றேன். கடைசியில் வினை வந்தது. விளங்கிவிட்டது. பதில் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு எதையோ எழுதினார்.

மன்னாருக்குப் பதினாறு வாக்கு. மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது. அன்று பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"எங்கட கடலைப் பாக்கவோ அவ்வளவு தூரத்திலயிருந்து வருகினம்?"

"ஓம் அம்மா."

"எத்தினை பேர்?"

"என்னோட சேர்த்துப் பதினாலு."

"அப்ப பெரிய சட்டி வேணும்" என்றார் அம்மா.

அடுத்த மாசி மாதம் வந்தோம். வரும் முன்னர் ஏழெட்டு மாதம் நானும் பேராசிரியையும் கடிதங்கள் எழுதினோம். மாவட்டக் கச்சேரி, கடற்றொழில் திணைக்களம், வனசீவராசிகள், கடற்படை என்று அனுமதி வாங்காத இடமில்லை. எல்லாக் கடிதமும் ஒரு கோப்பில் இருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் நான் கேட்கவில்லை. என் ஊரில். என் சொந்த ஊரில் கால் வைப்பதற்கு யாரைக் கேட்பது என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை வற்று நேரத்தில் ஓலைத்தொடுவாய்க் கரையில் வேலையைத் தொடங்கினோம். புல்லின் வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு மண்ணுக்குள் ஒரு குழாயை இறக்கி எடுக்க வேண்டும். முழங்கை நீளத்துப் பிளாஸ்ரிக் குழாய்தான். இரண்டு வெள்ளைக்காரப் பெடியங்கள் கரையில் நின்று சுத்தியலால் குழாயைத் தட்டி இறக்குவதை ஒரு வள்ளத்திலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு அந்தக் காட்சி புதிதல்ல. முன்னர் யார் யாரோ வந்து காணிகளில் குழாய் இறக்கி மணல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். என்னத்துக்கு என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் கிடைத்தது. மண்ணில் கனிமம் இருக்கிறதாம், அதைத் தோண்டப் போகிறார்களாம் என்று பிறகுதான் சனத்துக்குத் தெரிய வந்தது. அதற்குப் பிறகு குழாயோடு யார் வந்தாலும் ஊர் பார்த்துக்கொண்டிருக்காது.

கால் மணித்தியாலத்தில் கரை நிறைந்துவிட்டது. ஐம்பது, அறுபது பேர் இருக்கும். முன்னுக்கு வந்தது பெண்கள். அவர்களுக்கும் முன்னால் என் சின்னம்மா. அம்மாவின் தங்கை. நண்டு வாங்கி விற்கிறவர், மகளிர் சங்கத்தின் செயலாளர், எந்தக் கூட்டத்திலும் ஒலிபெருக்கி தேவைப்படாதவர். அப்பாவும் வந்திருந்தார். ஆனால் எங்கள் பக்கம் வரவில்லை, ஊரோடுதான் நின்றார். எனக்கு வலித்தது. ஆனாலும் அவர் நின்ற இடம் சரியென்று அப்போதே தெரிந்தது.

"பிள்ளை, முதலில அந்தக் குழாயை வெளிய எடுக்கச் சொல்லு" என்றார் சின்னம்மா. "உன்ர ஊர் எண்டு சொல்லிக்கொண்டு ஆரை நீ கூட்டிக்கொண்டு வந்தனி? முதல் வந்தவங்களும் படிப்புக்கு எண்டுதான் சொன்னவங்கள். எல்லாரும் பொய்யர். இவ மட்டும் என்ன, உண்மையைச் சொல்லப் போறாவோ?"

சின்னம்மா கை காட்டிய பேராசிரியை என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"நாங்கள் என்ன செய்கிறோம் என்று அறிய விரும்புகிறார்கள்" என்று ஜேர்மனில் சொன்னேன்.

பேராசிரியை சின்னம்மாவைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார். அதுதான் வினையாகிப் போனது.

"நில்லு" என்றார் சின்னம்மா. "நான் இவ்வளவு கத்தினதுக்கு அவ ஏன் சிரிக்கிறா? நீ என்ன சொன்னனி? நான் சொன்னதைச் சொல்லு. சீனி போடாதை."

அறுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியையும் நிலைமையை உணர்ந்துவிட்டார். "நீங்கள் எனக்குக் குறைத்துச் சொன்னீர்கள், இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். "முழுவதையும் சொல்லுங்கள்."

சொன்னேன். குழாயை எடுக்கச் சொன்னதை, முன்னர் வந்தவர்களை, பொய்யர் என்ற சொல்லை, கடைசிக் கேள்வியையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பொய்யர் என்பதற்கு ஜேர்மனில் மென்மையான சொற்கள் நாலைந்து எனக்குத் தெரியும். சின்னம்மா பாவித்த சொல்லுக்குச் சரியான, கடுமையான சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னேன். என் வகுப்புப் பிள்ளைகளின் முகம் சிவந்தது.

பேராசிரியை திரும்பி, குழாயை வெளியே எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். பிறகு அந்த ஈரமணலில் அப்படியே கால்மடித்து இருந்துவிட்டார். மஞ்சள் மேற்சட்டை இல்லாமல், எங்கள் வெயிலில் சிவந்த கழுத்தோடு. சின்னம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு அவருக்கு எதிரே இருந்தார். நான் இருவருக்கும் நடுவில் முழங்காலில் நின்றேன்.

"அவ சொல்லுறா, நீங்கள் மறிச்சது சரியாம். தன்ர ஊரிலயும் இப்பிடி ஆரும் கேக்காமல் கொள்ளாமல் குழாய் இறக்கினால் தானும் மறிச்சிருப்பாவாம். உங்களைக் கேக்காமல் தொடங்கினது பிழையாம்."

"அது அவவின்ர பிழையில்லை, உன்ர பிழை" என்றார் சின்னம்மா. அதையும் மொழிபெயர்த்தேன். பேராசிரியை என்னைப் பார்த்து, ஓம் என்பதுபோலத் தலையாட்டினார். சனத்துக்குள் யாரோ முதல்முறையாகச் சிரித்தார்கள்.

பிறகு கேள்விகள் வந்தன. எவ்வளவு ஆழம்? ஏன் எங்கள் கரை? ஆர் அனுப்பினது? எடுக்கிற மண்ணை எங்கே கொண்டு போவியள்? பேராசிரியை ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். மண்ணைக் கொண்டு போவதில்லை, இங்கேயே கழுவி, வேரையும் அதற்குள் இருக்கிற சிறு உயிர்களையும் எண்ணிவிட்டு, மண்ணை எடுத்த குழியிலேயே போடுவோம் என்றார்.

"அப்ப எங்கட கண்ணுக்கு முன்னால கழுவுங்கோ" என்றார் சின்னம்மா.

நான் அந்தக் காலை முழுவதும் பேசினேன். தமிழிலிருந்து ஜேர்மனுக்கு, ஜேர்மனிலிருந்து தமிழுக்கு. எந்த மொழியில் நினைக்கிறேன் என்பதே தெரியாமல் போனது. ஒரு கட்டத்தில் பேராசிரியைக்குத் தமிழில் சொல்லி, சின்னம்மாவுக்கு ஜேர்மனில் சொல்லிவிட்டேன். இருவரும் ஒருசேர என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இரண்டு முகங்களும் ஒரே மாதிரி இருந்தன.

கடைசியில் ஊர் சொன்ன முடிவு இதுதான். எங்கள் ஒவ்வொரு குழுவோடும் ஊர்ப் பெண்கள் இருவர் கடலுக்குள் வருவார்கள். கண்டது எல்லாவற்றையும் முதலில் தமிழில் எழுதி, கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் வைத்து வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வேறெந்த மொழிக்கும் போகலாம். நான் அதை மொழிபெயர்த்து முடிக்கும் முன்னரே பேராசிரியை கையை நீட்டிவிட்டார். சின்னம்மா தன் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது அப்பா என்னிடம் வந்தார். "நல்லாக் கதைச்சனி" என்றார். கொஞ்சம் நின்று, "ரெண்டு பாசையிலயும்" என்றார்.

அடுத்த பத்து நாளும் நான் கண்ட வேலையை வேறெங்கும் கண்டதில்லை. பெண்கள் வந்த முதல் நாளே எங்கள் வரைபடம் பிழை என்று சொல்லிவிட்டார்கள். செய்மதிப் படத்தைப் பார்த்து நாங்கள் கீறிய புல்வெளியின் எல்லையை ஒரு அக்கா விரலால் தள்ளி வைத்தார். "இது புல்லில்லை, கறுப்புச் சேறு. புல்லு இங்காலதான் தொடங்குது." போய்ப் பார்த்தோம். அவர் சொன்ன இடத்தில்தான் தொடங்கியது. கடலுக்கு அடியில் எங்களுக்கு ஒரே வெளியாகத் தெரிந்த இடத்தில் அவர்கள் ஏழு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்களை ஜேர்மன் மாணவர்கள் தங்கள் அட்டவணையில் தங்கள் எழுத்தில் எழுதி, சொல்லிப் பழகினார்கள். என் பக்கத்து மேசைக்காரி 'ழ'வில் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தாள். சாதாழை என்று அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்குள் நின்ற பெண்கள் எல்லோரும் திருத்தினார்கள். பேராசிரியை 'பொறுங்கோ' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் எதற்கும் அதையே சொன்னார். மத்தியானங்களில் அம்மாவின் பெரிய சட்டி கரைக்கு வந்தது. நண்டு ஓட்டை உடைக்கத் தெரியாமல் நோர்வேக்காகப் பேசியவன் பட்ட பாட்டைப் பார்க்கவே பெண்கள் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருந்தார்கள்.

நாங்கள் கண்டுபிடித்தது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அது எங்கள் கண்டுபிடிப்பு. பெண்கள் காட்டிய ஒரு இடத்தில், அடர்த்தியான புல்லுக்குள், விரல்நகம் அளவு நண்டுக்குஞ்சுகள் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு இருந்தன. கடலடியை வழித்து இழுக்கும் இழுவைமடி வலை உழுத பக்கத்தில் வேரும் இல்லை, குஞ்சும் இல்லை. இழுவைமடியால்தான் நண்டு குறைகிறது என்று சின்னம்மா ஆண்டாண்டாகச் சொல்லிவந்த கதை, இப்போது இலக்கமாக ஒரு தாளில் இருந்தது.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் சங்கக் கட்டடத்தில் வாசித்தேன். கதிரைகள் போதாமல் வாசல்வரை நின்றார்கள். அதை எழுத நான் மூன்று நாள் பட்டபாடு ஜேர்மன் பரீட்சைக்குக்கூடப் பட்டதில்லை. படித்ததெல்லாம் ஜேர்மனில் என் தலைக்குள் இருந்தது. அதை எங்கள் சனத்துக்கு விளங்கும் தமிழில் இறக்க வேண்டியிருந்தது. விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்டார்கள். நான் திருப்பிச் சொன்னேன். அதற்கு நான் பழகியிருந்தேன். முடிந்ததும் சங்கத் தலைவர் எழும்பி, அந்தக் குஞ்சுத்தரையில் இனி யாரும் வலை போடுவதில்லை என்று ஒரு தீர்மானத்தைச் சொன்னார். முதலில் கை உயர்த்தியது அப்பா. பிறகு எத்தனை கை என்று எண்ணத் தேவைப்படவில்லை.

சின்னம்மா அந்தத் தமிழ் அறிக்கையின் பிரதி ஒன்றைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார். சில மாதங்களின் பின்னர் மண் அகழ்வது பற்றி அதிகாரிகள் கூட்டிய கூட்டத்துக்குப் போய், அதை மேசையில் விரித்து வைத்திருக்கிறார். அங்கே வந்திருந்த ஒரு பெரிய உத்தியோகத்தர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதை ஆர் செய்தது?" என்று கேட்டாராம்.

"நாங்கள்தான் செய்தனாங்கள்" என்று சொன்னாராம் சின்னம்மா. "ஜேர்மனியிலயிருந்தும் கொஞ்சப் பேர் உதவிக்கு வந்தவை."

அன்று அந்தக் கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. ஊர் அதை வெற்றி என்றுதான் கொண்டாடியது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜேர்மன் அறிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. என் பட்ட ஆய்வும் அதுவே. அதன் வாய்மொழிப் பரீட்சையில் மூன்று பேர் ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். இரண்டு இடத்தில் நான் "வீ பிற்றே?" என்றேன். இரண்டிலும் கேள்வி கேட்டவர்தான் தன் கேள்வியைத் திருத்திக்கொண்டார். வெளியே நிற்கச் சொல்லி, மீண்டும் உள்ளே அழைத்து, அதி சிறப்பு என்று சொன்னார்கள். அறிக்கை அச்சானபோது பேராசிரியை ஒரு காரியம் செய்தார். அட்டையில் எங்கள் பெயர்களுக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், கடலுக்குள் எங்களோடு இறங்கிய எட்டுப் பெண்களின் பெயர்களையும் போட்டார்.

அறிக்கைப் பிரதிகளின் பொதி ஓலைத்தொடுவாய்க்குப் போய்ச் சேர்ந்த அன்று எனக்கு மத்தியானம், அங்கே பின்னேரம். அம்மாவின் போனில் படம் வந்தது. எங்கள் முற்றத்தில் எட்டுப் பேரும் இருந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம் கையில். தங்கள் பெயர் எது என்று எழுத்தெழுத்தாகத் தேடிக் கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் காட்டி, சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பிள்ளை, இதில ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கேல்ல. நீ வாசி பாப்பம்."

"தமிழிலயோ?"

"தமிழில வாசிச்சது கேட்டனாங்கள்தானே. இந்தப் பாசையில எங்கட கதை எப்பிடி இருக்கெண்டு பாக்கோணும். வாசி."

பல்கலைக்கழகத்துப் புல்தரையில் இருந்துகொண்டு முதற்பக்கத்தை ஜேர்மனில் உரக்க வாசித்தேன். போனவர்கள் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே எட்டுப் பேரும் பூசையில் இருப்பதுபோல் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். நடுவில் தங்கள் கடலடி இடங்களின் பெயர்கள் வரும்போது மட்டும் ஒரு சலசலப்பு எழும்பி அடங்கியது. பக்கம் முடிந்தது.

"ஒண்டும் விளங்கேல்ல" என்றார் சின்னம்மா. "ஆனா வடிவாயிருக்கு. இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.